காந்த முனை கேபிளா, தடித்த சாதாரண கேபிளா?

கிண்டிலிலோ (மின்நூல் வாசிக்கும் கருவி) டேப்லட்டிலோ சார்ஜ் விட்டுவிட்டு ஏறினால் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது காந்த முனை கேபிள்தான். குட்டி முனையொன்று கருவிக்குள் செருகியே கிடக்கும், கேபிள் காந்தத்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். வசதியில் குறை சொல்ல முடியாது. இருட்டிலும் ஒரு கையால் பொருத்தலாம், கால் தடக்கினால் கருவி விழாது, கேபிள் மட்டும் கழரும். ஆனாலும் கிழக்கிலங்கையின் கல்லடி, காத்தான்குடி, கல்முனை மாதிரிக் கரையோர வீடுகளுக்கு என் தெரிவு தடித்த சாதாரண கேபிள்.

வாங்குமுன் பழுது எங்கே என்று பாருங்கள். அதே கேபிளை வேறு போனில் போடுங்கள். வேறு கேபிளை இந்தக் கருவியில் போடுங்கள். எந்தக் கேபிளும் முழுதாக உள்ளே போகாமல் சிறு இடைவெளி விட்டு நின்றால், போர்ட்டின் அடியில் பஞ்சும் தூசும் இறுகிக் கிடக்கிறது. கருவியை அணைத்து, டோர்ச் அடித்து, மெல்லச் சீவிய ஈர்க்கால் ஓரமாகக் கிளறி எடுங்கள். டைப்-சியில் நடுவே இருக்கும் நாக்கைத் தொடவேண்டாம். ஊசி கூடவே கூடாது. ஒரேயடியாகச் செத்துக் கிடக்கும் கிண்டிலை ஒரு மணித்தியாலம் சார்ஜில் விட்டு, பவர் பொத்தானை 40 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பாதிப் 'பழுது' அதோடு தீரும்.

இனி உப்பு. காந்தக் கேபிளின் முனைகள் திறந்தே கிடக்கின்றன. சார்ஜரைக் கழற்றாமல் விட்டால், மலிவான கேபிள்களில் அந்த முனையில் 5 வோல்ட் எப்போதும் நிற்கும். உப்புக்காற்றின் ஈரம் அதன்மேல் படிந்தால் நேர்மின் முனை அரிக்கத் தொடங்கும். முதலில் பச்சை, பிறகு கறுப்பு, பிறகு சார்ஜ் ஏறாது. மாரி மாதங்களில் இது விரைவாக நடக்கும். கடற்கரைக் கறுப்பு மணலில் காந்தத்தில் ஒட்டும் துகள்களும் உண்டு, அவை இரண்டு முனைகளுக்கும் நடுவே போய் உட்காரும். வாரம் ஒருமுறை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைக்கத்தான் வேண்டும். யார் துடைக்கிறார்கள்? கருவிக்குள் செருகியே கிடக்கும் குட்டி முனையையோ யாரும் கழற்றிப் பார்ப்பதே இல்லை.

சாதாரண கேபிளின் தொடுமுனைகள் உள்ளே ஒளிந்திருக்கும். மைக்ரோ யூஎஸ்பியில் (2021க்கு முந்திய பேப்பர்வைட் எல்லாம் அதுதான்) பிடித்து நிறுத்தும் கொக்கி கேபிள் பக்கம் இருக்கிறது. ஆகவே தளர்ந்த பிடி பெரும்பாலும் புதுக் கேபிளோடு சரியாகும். அதற்கும் அசைந்தால் போர்ட்டை மாற்றி ஈயம் வைக்கவேண்டியதுதான்; காந்தம் அதை மறைக்குமே தவிரத் திருத்தாது.

தடிப்பு டேப்லட்டுக்கு முக்கியம். வயரின் தடிப்பைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள்; எண் குறையக் குறைய வயர் தடிப்பு. 28 கேஜ் வயரில் ஒரு மீற்றருக்கு, போகவர 0.43 ஓம். 2 அம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும். 24 கேஜில் 0.34 வோல்ட் மட்டும். கேபிளின் மேலுறையில் 28, 24 என இரண்டு கேஜ் எண் இருந்தால் வழக்கமாக 24தான் மின் வயர். ஒரு மீற்றருக்கு மேல் வாங்கவேண்டாம். கிண்டிலுக்கு மெல்லிய வயரும் போதும்.

கடலுக்குத் தள்ளி, அம்பாறை நகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்பு இவ்வளவு கடிக்காது. அங்கே சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் வீடென்றால் காந்தத்தை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வாங்கும்போது கணினியில் குத்திப் பாருங்கள், பல காந்தக் கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், புத்தகம் ஏற்றாது.