மிடி கால்வாய் சைக்கிள் பேக்கேஜ்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பிரான்சின் தெற்கே மிடி கால்வாயை ஒட்டி சைக்கிளில் போய், வழியில் கூடாரம் போட்டுத் தங்கும் திட்டம் உங்களுக்கு இருந்தால், எந்தப் பேக்கேஜுக்கும் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படியுங்கள். துலூஸ் நகரில் இருக்கும் ஒரு வாடகை சைக்கிள் நிறுவனம் செய்யாத முன்பதிவைச் செய்ததாகச் சொல்லி எங்களிடம் பணம் வாங்கியது. ஆயுள் முடிந்துபோன சக்கரத்தோடு சைக்கிள் கொடுத்தது. அந்தச் சக்கரம் போனதற்கு எங்கள் டெபாசிட்டிலேயே கைவைத்தது. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. பெயரைவிட, அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் உங்களுக்கு உதவும்.

பேக்கேஜ் எதற்கு, நாமே போய்விடலாமே என்று கேட்பீர்கள். கோவையிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். எங்கே தங்கப் போகிறோம் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். பிரான்சின் கிராமங்களில் நல்ல கேம்பிங் இடங்கள் பல, அந்தந்த ஊராட்சியே நடத்துபவை. மலிவானவை, சுத்தமானவை. ஆனால் பல இடங்களில் ஆன்லைன் முன்பதிவு கிடையாது. நேரில் போய்க் கேட்டால் இடம் தருவார்கள். விசா விண்ணப்பத்தோடு எதை இணைப்பது? இந்த இடைவெளியைத்தான் அந்த நிறுவனம் பிடித்துக்கொண்டது. சைக்கிள், பைகள், ஒவ்வோர் இரவுக்கும் கேம்பிங் இடம், வழியில் சைக்கிள் பழுதானால் வாரம் முழுவதும் உதவி, விசாவுக்குக் கடிதம் எல்லாம் சேர்த்து எனக்கும் மனைவிக்கும் 1,480 யூரோ. கடிதம் அழகாக வந்தது, விசாவும் கிடைத்தது.

பாதையைப் பற்றி அவர்கள் எழுதியிருந்தது, "முழுவதும் சமமான பாதை, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்." ஏற்ற இறக்கம் இல்லை என்பது உண்மை. 17ஆம் நூற்றாண்டில் பியர் பால் ரிக்கே வெட்டிய கால்வாய் அது. துலூஸிலிருந்து சேத் வரை சுமார் 240 கிலோமீட்டர். அதன் மிக உயரமான இடமான நொரூஸ் கணவாயே கடல் மட்டத்திலிருந்து 190 மீட்டருக்குள்தான் வரும். மலையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் அங்கே பிரிந்து ஒரு பக்கம் அட்லாண்டிக் திசைக்கும் மறுபக்கம் மத்தியதரைக் கடல் திசைக்கும் போகிறது. அங்கே மரநிழலில் உட்கார்ந்து ரொட்டியும் தக்காளியும் சாப்பிட்ட மதியத்தை நாங்கள் மறக்க மாட்டோம். அந்தக் கால்வாய்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் பாதையின் தரை வேறு கதை. துலூஸிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நல்ல தார்ச்சாலை. ஓட் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் மண், கல், பிளேன் மரங்களின் வேர். 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் தாக்கி அந்த மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். மரம் போன இடங்களில் நிழலும் இல்லை. இந்தத் தரைக்கு 40 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் வேண்டும் என்பது அந்த ஊரில் சைக்கிள் வாடகைக்கு விடும் எவருக்கும் தெரியும். அவர்களுடைய இணையப் பக்கத்தில் போட்டிருந்த படத்திலும் தடித்த டயர்தான். கையில் கொடுத்த சைக்கிளின் டயர் ஓரத்தில் 32-622 என்று இருந்தது. முதல் எண்தான் அகலம். கேட்டதற்கு, "எல்லாரும் இதில்தான் போகிறார்கள், இன்று காலைதான் செக் செய்தோம்" என்றார்கள். வேறு சைக்கிள் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

டெபாசிட் சைக்கிளுக்கு 500 யூரோ. "கார்டில் பிடித்து மட்டும் வைப்போம், எடுக்க மாட்டோம்" என்றார் கவுண்டரில் இருந்தவர். கடையை விட்டு வெளியே வருவதற்குள் வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. திரும்பிப் போய்க் கேட்டோம். எங்கள் மெஷினில் அப்படித்தான் வரும், திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். சைக்கிளின் நிலையை எழுதிக் கையெழுத்திட்ட காகிதம் கேட்டோம். அப்படி ஒரு வழக்கமே இல்லையாம்.

ஜூலை 14 அவர்களுடைய தேசிய தினம். அன்று ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்தது. காஸ்டல்நொடாரியைத் தாண்டி பிராம் வரும் வழியில் மனைவியின் சைக்கிளில் பின்சக்கரக் கம்பி ஒன்று டங்கென்று அறுந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. இரண்டும் பல்சக்கரம் இருக்கும் பக்கம். அந்தப் பக்கத்துக் கம்பியை மாற்ற முதலில் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்குத் தனிக் கருவி வேண்டும். வழியில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. வாரம் முழுவதும் உதவி என்று கொடுத்த எண்ணை அழைத்தால் குரல் அஞ்சல். மதியம் முழுக்க அதுதான். சக்கரம் கோணி பிரேக்கில் உரச ஆரம்பித்துவிட்டதால் பிராம் வரை தள்ளிக்கொண்டே போனோம். நல்லவேளையாக துலூஸ் - நார்போன் உள்ளூர் ரயில் அங்கே நிற்கும், சைக்கிளையும் ஏற்றலாம். கார்கசோன் போய்ச் சேர்ந்தோம்.

அந்த இரவை நினைத்தால் இன்னும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. ஜூலை 14 இரவு கார்கசோன் கோட்டையின் வாணவேடிக்கை பிரான்ஸ் முழுக்கப் பிரபலம். எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும். ஓர் அறை கிடைக்காது, ஒரு கூடாரத்துக்கான இடம் கிடைக்காது. இது தெரிந்துதான் அந்த ஓர் இரவுக்கு மட்டும் எங்களிடம் 70 யூரோ வாங்கியிருந்தார்கள். கேம்பிங் வரவேற்பில் இருந்த அம்மா பதிவேட்டை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் பெயர் இல்லை. நிறுவனத்தின் பெயரிலும் இல்லை. நாங்கள் காட்டிய கடிதத்தில் இருந்த முன்பதிவு எண்ணைப் பார்த்துவிட்டு, "எங்கள் கேம்பிங் எண்கள் இந்த மாதிரியே இருக்காது" என்றார். அதாவது விசாவுக்காக எங்களுக்குக் கொடுத்த கடிதமே புனைந்தது. அதை நம்பி நாங்கள் ஒரு தூதரகத்துக்கு ஆவணமாகக் கொடுத்திருக்கிறோம். நாளைக்கு ஏதாவது சிக்கல் வந்தால் யார் பதில் சொல்வது?

பின்னால் வரிசையில் நின்றிருந்த வயதான டச்சு தம்பதி, தங்கள் இடத்திலேயே எங்கள் கூடாரத்தையும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கூடுதல் ஆட்களுக்கான கட்டணத்தை மட்டும் அந்த அம்மா வாங்கிக்கொண்டார். அவர்கள் இல்லையென்றால் ரயில் நிலையத்தில்தான் இரவைக் கழித்திருப்போம்.

திங்கட்கிழமையும் சைக்கிள் கடைகள் மூடியிருந்தன. அந்த நாட்டில் பல சின்னக் கடைகளுக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. செவ்வாய்க்கிழமை போன கடையில் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, கம்பி மாட்டும் ஓட்டைகளைச் சுற்றி ரிம்மில் ஓடிய விரிசல்களைக் காட்டினார். விரிசலுக்குள் பழைய அழுக்கு ஏறியிருந்தது. இது நேற்று வந்தது இல்லை என்றார். புதுச் சக்கரம் போட்டுக் கூலியோடு 110 யூரோ. அவர் செய்த பெரிய உதவி, அந்த விரிசலின் நிலையைத் தன் பில்லிலேயே எழுதிக் கொடுத்தது.

பெசியே வரை போய், சைக்கிள்களை அவர்களுடைய கூட்டாளிக் கடையில் ஒப்படைத்தோம். அங்கே யாரும் சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துலூஸில் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். நாங்கள் வீடியோ எடுத்துக்கொண்டோம். ஊருக்கு வந்த பிறகு மெயில் வந்தது: பின்சக்கரம் நாசம் 190, டயர் 80, சுத்தம் செய்ய 70, ஆக மொத்தம் 340 யூரோ பிடித்தம். நாங்கள் எங்கள் காசில் புதுச் சக்கரம் போட்டுக் கொடுத்த அதே சைக்கிளுக்கு!

துலூஸில் வேலை செய்யும் மச்சினன்தான் வழி சொன்னான். "போன்ல பேசாதீங்க மாமா, எல்லாம் எழுத்துல இருக்கட்டும்" என்றான். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1720ஆம் பிரிவு, வாடகைக்கு விடுபவர் பொருளை நல்ல நிலையில் கொடுக்க வேண்டும் என்கிறது. அதைக் குறிப்பிட்டு, மெக்கானிக்கின் பில்லை இணைத்து, ஒப்புகையோடு பதிவுத் தபால் அனுப்பினோம். அங்கே ஒவ்வொரு வியாபாரியும் வாடிக்கையாளருக்குக் கட்டணமில்லாத மத்தியஸ்தர் ஒருவரை அறிவித்திருக்க வேண்டும். இவர்கள் அறிவிக்கவே இல்லை. அதையும் சேர்த்து, அந்த நாட்டு அரசின் சிக்னல்கோன்சோ தளத்தில் புகார் போட்டோம். அதன் பிறகு ஒரு வார்த்தை பதில் இல்லாமல் 190 யூரோ மட்டும் திரும்பி வந்தது. மீதி 150, பொய் முன்பதிவுக்கு வாங்கிய பணம், மெக்கானிக்குக் கொடுத்த 110 எதுவும் வரவில்லை. வங்கியில் கொடுத்த கார்டு புகாரும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால், தங்குமிடத்தையும் மற்ற சேவைகளையும் சேர்த்துப் பேக்கேஜாக விற்பவரிடம் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். பிரான்சில் பயண ஏற்பாட்டாளர்களின் பதிவேட்டை வைத்திருப்பது அத்து பிரான்ஸ் என்ற அமைப்பு; எண் ஐஎம் என்ற எழுத்துகளோடு தொடங்கும். எங்களுக்கு விற்றவர்களின் பில்லில் அது இல்லை. கடிதம் கைக்கு வந்ததும், விசா விண்ணப்பத்தில் வைப்பதற்கு முன், ஒவ்வொரு கேம்பிங் இடத்துக்கும் நேரடியாக மெயில் போட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு வரி போதும், பதில் போடுவார்கள். சைக்கிளை எடுக்கும்போது டயர் ஓரத்து எண்ணையும் பின்சக்கர ரிம்மின் ஓட்டைகளையும் கிட்டத்தில் படமெடுங்கள். ஒப்படைக்கும் இடத்தில் பார்த்துக் கையெழுத்திட ஆள் இல்லை என்று சொல்கிற நிறுவனத்திடம் டெபாசிட் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

நாங்கள் அனுப்பிய பிரெஞ்சுக் கடிதத்தைப் பெயர்களை நீக்கி வைத்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் கேட்டால் அனுப்புகிறேன்.