கேசியோ 991இஎஸ் பிளஸ்: அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது?

கோத்தகிரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். குன்னூரில் வாங்கிய கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் கால்குலேட்டர் இப்போது என் மேசையிலேயே கிடக்கிறது. சோலாரோடு பட்டன் பேட்டரியும் உண்டு, அதனால் ஜூலை மாத மூட்டத்திலும் கவலையில்லை. அணி, தொகையீடு எல்லாம் ஒழுங்காகச் செய்கிறது. நான் சொல்ல வந்தது பிள்ளைகள் அதிகம் தொடாத ஒரு வசதியைப் பற்றி.

எண்ணை அடித்துச் சமக்குறியைத் தட்டி, ஷிஃப்ட்டும் பாகை-நிமிடப் பொத்தானும் அழுத்தினால் பகாக் காரணிகளாகப் பிரித்துக் காட்டும். பத்து இலக்கம் வரைக்கும். நான் முதலில் கொடுக்கும் எண் 4294967297. 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 சேர்த்தால் வருவது. அடுக்கை 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் இந்த வரிசையில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். இதுவும் அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 641-ஆல் இது வகுபடும் என்று 1732-இல் ஆய்லர் காட்டினார். கால்குலேட்டர் சட்டென்று 641×(6700417) என்கிறது.

"மிஸ், அடைப்புக்குள்ள இருக்கிறது பகா எண்ணா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. மூன்று இலக்கப் பகா எண்கள் வரைதான் இது வகுத்துப் பார்க்கும். மிஞ்சுவது 1009-இன் வர்க்கமான 1018081-ஐ எட்டிவிட்டால் அப்படியே அடைப்புக்குள் போட்டுவிடும். கையேட்டிலேயே இது இருக்கிறது.

சரி, 1234567890 அடித்துப் பாருங்கள். 2×3²×5×(13717421) என்று வரும். அதே அடைப்புக்குறிதான், ஆனால் இது பகு எண். இங்கே ஃபெர்மாவின் வழியே கைகொடுக்கிறது: மிஞ்சுவதும் ஒரு வர்க்கமாக வரும் வரை, இதைவிடப் பெரிய வர்க்கங்களிலிருந்து இதைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 3704-இன் வர்க்கத்தில் 2195 வருகிறது, பயனில்லை. அடுத்து 3705-இல் 9604, அதாவது 98-இன் வர்க்கம்! ஆக, 3705-இலிருந்து 98-ஐக் கழித்தும் கூட்டியும் 3607, 3803 கிடைத்துவிடுகின்றன. இரண்டே முயற்சி. இதைப் பார்த்து அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

6700417-க்கு வேறு வழி. 4294967297-இன் பகாக் காரணி எதுவானாலும் 128-இன் மடங்கோடு 1 சேர்ந்த எண்ணாகத்தான் இருக்கும் என்று லூகாஸ் 1878-இல் நிறுவினார். 6700417-இன் வர்க்கமூலம் சுமார் 2588. அதற்குள் அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும்தான். ஐந்து வகுத்தல் போதும். எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. கடைசியான 1409-ஆல் வகுத்தால் 622 மிஞ்சுகிறது. அப்போ அது பகா எண்தான்.

வரிசையில் அடுத்ததான 2-இன் 64-ஆம் அடுக்கோடு 1 என்றால் இருபது இலக்கம், திரையில் 1.844674407×10¹⁹ என்று சுருக்கித்தான் காட்டும், அதற்குக் கணினிதான் வேண்டும். பத்து இலக்கத்துக்குள் எண்களோடு விளையாட ஆசைப்படும் பிள்ளைக்குத் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். கையேட்டில் காரணிப் பக்கத்தையும் காட்டிக் கொடுங்கள்.