பிளான்ட்யுஎம்எல்: மாடலிங் வகுப்புக்குச் சரிப்பட்டு வருமா?

மென்பொருள் மாடலிங் (மென்பொருளின் பகுதிகளையும் அவற்றின் உறவுகளையும் படமாக வரைவது) பயிற்சிக்குக் கருவி தேடுகிறவர்களுக்கு என் ஓட்டு பிளான்ட்யுஎம்எல்லுக்குத்தான். இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2009-லிருந்து இருக்கிறது. மவுஸால் பெட்டி பெட்டியாக இழுத்து அடுக்கும் வேலையே இல்லை. நாலு வரி எழுதினால் படம் தானாக வந்துவிடும், அதனால் மாணவர்கள் அம்புக்குறியை நேராக்குவதில் நேரத்தைத் தொலைக்காமல் எந்த கிளாஸ் (ஒரே வகைப் பொருட்களுக்கான வார்ப்பு, படத்தில் ஒரு பெட்டி) எதோடு ஏன் சேர்கிறது என்று சண்டை போட ஆரம்பிக்கிறார்கள். நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுப்பதை மாடலாக வரையும் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பலரும் 'புத்தகம்' என்று ஒரே கிளாஸ்தான் போடுவார்கள். ஒரே தலைப்பில் மூன்று பிரதி இருந்தால் யாரிடம் எது போயிருக்கிறது என்று கேளுங்கள், 'பிரதி' தனி கிளாஸாகப் பிரியும், நடுவில் 1, 0..* (ஒரு புத்தகத்துக்குப் பிரதி ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்) எல்லாம் வந்து சேரும். எல்லாமே வெறும் டெக்ஸ்ட் என்பதால் கிட்டில் (Git, கோப்பில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போட்டால் யார் எந்த வரியை மாற்றினார் என்பதும் தெரிந்துவிடும். திருத்துகிறவருக்கு இது பெரிய உபகாரம்.

குறை? கிளாஸ் படத்தில் எது எங்கே வரும் என்பதைப் பெரும்பாலும் கிராஃப்விஸ் என்ற, படத்தை அடுக்கித் தரும் இன்னொரு மென்பொருள்தான் முடிவு செய்கிறது, நாம் நினைத்த இடத்தில் பெட்டி உட்காராது. படம் பெரிதானால் சிக்கிய நூல்கண்டுதான். அப்புறம், மாடல் சரியா தப்பா என்று இது சொல்லாது. அபத்தமான உறவையும் அழகாக வரைந்து கொடுத்துவிடும். முதல் வாரம் பேப்பரும் பென்சிலும் போதும், அதற்கப்புறம் இதற்கு வாருங்கள்.