வைஃபை கார்டு மாற்றியதாக 12,000 ரூபாய் வாங்கினார்கள், மாற்றவே இல்லை

திருகோணமலை டவுனுக்குள் லப்டொப் திருத்தக் கொடுக்க இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள்.

போன மாரியில் இடி விழுந்து எங்கள் வீட்டு ரவுட்டர் எரிந்துபோனது. புதியதைப் பூட்டியதும் போன்கள் எல்லாம் வேலை செய்தன. மகளின் பழைய லப்டொப் மட்டும் சேரவில்லை. அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன, எங்கள் பெயர் மட்டும் அதில் இல்லை. இந்த ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிகிறது என்றால், லப்டொப்பின் உள்ளே வைஃபை பிடிக்கிற கார்டுக்கு உயிர் இருக்கிறது. கடைக்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் லப்டொப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், “கார்டு போயிட்டுது அக்கா, மாத்தத்தான் வேணும்” என்றார்.

கார்டுக்கு 8,500, விண்டோஸ் புதிதாகப் போட 3,500. விண்டோஸ் போடப்போவதாக முதலில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் உயர்தரப் பரீட்சைக்குத் தட்டச்சு செய்து வைத்திருந்த குறிப்புகள் முழுக்க அழிந்துவிட்டன. காசை விட அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிள்ளை இரவிரவாக இருந்து செய்த வேலை அது.

கடையில் வைத்துக் காட்டும்போது அவர்களுடைய வைஃபையில் அழகாகச் சேர்ந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் பழைய கதைதான். திரும்பப் போனதற்கு, “அப்ப உங்கட ரவுட்டர்தான் பிழை, எங்களிட்ட நல்லதொண்டு இருக்கு” என்றார்கள்.

அப்புறம் உப்புவெளியில் இருந்து தங்கையின் மகன் வந்தான். போனில் 192.168.1.1 என்று அடித்து, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனான். புதிய ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அணைக்கப்பட்டிருந்தது, 5 மட்டும்தான் ஓடியது. எங்கள் லப்டொப்பின் கார்டு 2.4 மட்டும் பிடிக்கிற வகை. 5இல் வருகிற பெயர் அதன் கண்ணுக்கே தெரியாது. கடையில் 2.4 இருந்திருக்கிறது, அதனால் அங்கே சேர்ந்தது. அவன் 2.4க்கு நேரே சரி அடையாளத்தைப் போட்டுச் சேமித்தான், ரவுட்டர் ஒருமுறை அணைந்து திரும்ப இயங்கியது, லப்டொப் சேர்ந்துவிட்டது.

சரி, அப்படியென்றால் புதுக் கார்டு எங்கே? லப்டொப் வந்த பெட்டியை நான் எறியவில்லை. சில பெட்டிகளின் ஸ்டிக்கரில் வைஃபை கார்டின் முகவரி அச்சிட்டிருப்பார்கள், எங்களதிலும் இருந்தது. எழுத்தும் இலக்கமுமாகப் பன்னிரண்டு குறிகள். ஒவ்வொரு கார்டுக்கும் அது வேறு. கார்டை மாற்றினால் அதுவும் மாறியாக வேண்டும். விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, ப்ராபர்ட்டீஸ் என்று போனால் அடியில் ‘பிசிக்கல் அட்ரஸ்’ என்று இருக்கும். (‘ராண்டம் ஹார்ட்வெயார் அட்ரஸ்’ என்ற, முகவரியை மாற்றிக் காட்டும் வசதி அணைந்திருக்க வேண்டும்.) பெட்டியையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பன்னிரண்டும் ஒன்று. லப்டொப்பில் இருந்தது அதே பழைய கார்டு.

இதைக் கொண்டுபோய்க் காட்டியபோது, “விண்டோஸ் பழைய முகவரியைக் காட்டுது” என்றார் கடைக்காரர். அவரே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்ட விண்டோஸ் அது, பழையதை எப்படி ஞாபகம் வைத்திருக்கும்? கழற்றிய கார்டைத் தாருங்கள் என்றேன். எறிந்துவிட்டார்களாம்.

அவர்கள் தந்தது கடைப் பெயர்கூட இல்லாத ஒரு துண்டு. நான் அங்கேயே நின்று முறையான பற்றுச்சீட்டு எழுதுவித்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் தந்தே ஆகவேண்டும். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் கொடுத்துவிட்டேன். அது முடியும்வரை கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள்.

லப்டொப்பைத் திருத்தக் கொடுப்பதற்கு முன் வைஃபை கார்டின் முகவரியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். போனின் ஹொட்ஸ்பொட்டை 2.4இல் போட்டு, அதில் லப்டொப் சேர்கிறதா என்றும் பாருங்கள். சேர்ந்தால் கோளாறு பெரும்பாலும் ரவுட்டர் பக்கம்தான். இப்போது யாருடைய லப்டொப்பாவது திருத்தும் கடையில் கிடந்தால், இன்றைக்கே கோல் எடுத்து, கோப்புகளைப் பிரதி எடுக்காமல் விண்டோஸில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.