ஃப்ரீசர் குளிரவில்லை: கேஸா, டிஃப்ராஸ்ட்டா?

ஃப்ரீசரில் குளிர் குறைந்துவிட்டது என்றதும் நம் வாயில் முதலில் வருவது 'கேஸ் போயிடுச்சு போல' என்பதுதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னோம். வந்த மெக்கானிக்கும் தலையாட்டினார். ஃப்ரிட்ஜை அன்றே அணைத்துக் காலி செய்து வைக்கச் சொன்னார். மறுநாள் வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போனார். எட்டு நாள் ஜோராக ஓடியது. ஒன்பதாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது.

அந்த எட்டு நாளைக்குக் காரணம் அவர் ஏற்றிய கேஸ் இல்லை, நாங்கள் ஒருநாள் அணைத்து வைத்ததுதான் என்று புரிய எனக்கு இன்னொரு மாதம் ஆனது. கேஸ் கசிவு, டிஃப்ராஸ்ட் (தானாகப் பனியை உருக்கும் ஏற்பாடு) கோளாறு இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இரண்டிலும் கம்ப்ரசர் கட் ஆகாமல் ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டிலும் குளிர் இருக்காது. ஆனால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்குத் துளியும் உதவாது. (இனி சொல்வதெல்லாம் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகைக்கு. கையால் பனி நீக்கும் பழைய டைரக்ட் கூல் வகையில் ஹீட்டரும் ஃபேனும் கிடையாது; அங்கே இந்தக் குழப்பமும் பெரும்பாலும் கிடையாது.)

ஃப்ரீசரின் பின்சுவர் போலத் தெரியும் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால்தான் குளிரூட்டும் குழாய்ச்சுருளான காயில் இருக்கிறது. ஒரு சின்ன ஃபேன் அந்தக் குளிரை ஃப்ரீசருக்குள் தள்ளும். அதில் ஒரு பங்கு காற்றுவழியாகக் கீழ்த்தட்டுகளுக்குப் போகும். காற்றில் உள்ள ஈரம் காயிலில் பனியாகப் படிவது இயல்பு. அதை உருக்க, சில மணி நேரங்களுக்கு ஒருமுறை ஹீட்டர் கொஞ்ச நேரம் எரிந்து அணையும். அந்த ஏற்பாடு செத்துப்போனால் பனி கெட்டியாகி, காயிலின் தகடுகளுக்கு நடுவே காற்று நுழைய வழியில்லாமல் போகும். உள்ளே குளிர் இருக்கிறது, வெளியே வரத்தான் வழியில்லை.

கேஸ் குறைந்தால் கதை வேறு. குளிரை உண்டாக்கும் பொருளே பற்றவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வது கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

திறக்காமலே கிடைக்கும் முதல் துப்பு, எந்தத் தட்டு முதலில் கைவிட்டது என்பது. டிஃப்ராஸ்ட் கோளாறில் பெரும்பாலும் கீழ்த்தட்டுகள்தான் முதலில் சூடாகும். மேலே ஐஸ் கல்லாக இருக்கும், கீழே தண்ணீர் பாட்டிலில் சில்லிப்பு இருக்காது. சில நாள் கழித்துத்தான் மேலேயும் ஐஸ்கிரீம் இளகும். கேஸ் கசிவில் ஃப்ரீசரின் பலமே குறைந்துகொண்டு வரும். மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 8, அப்புறம் மைனஸ் 3 என்று இறங்குமுகமாக இருக்கும். பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ வழக்கமாகச் சூடு தெரியும் இடத்தைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இருக்காது. ஆனாலும் இதெல்லாம் துப்புதான். இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

தீர்ப்பு அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் சில மணி நேரம் ஓடியபின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருகுகளைக் கழற்றிப் பலகையை எடுங்கள். எடுக்கவே வரவில்லை, பனியோடு ஒட்டிக்கிடக்கிறது என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. காயில் முழுக்க வெள்ளைப் பாறையாக, தகடுகளே தெரியாமல் மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட் பக்கம் கோளாறு. காயிலின் தொடக்கத்தில் இரண்டு மூன்று சுற்றுகளில் மட்டும் பனிப்பந்து, மீதியெல்லாம் வெறும் அலுமினியம் என்றால் கேஸ் போதவில்லை. கம்ப்ரசர் ஓடியும் எங்குமே பனி இல்லையென்றால் கேஸ் முழுதும் போயிருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம், அல்லது கம்ப்ரசர் ஓடுகிறதே தவிர அழுத்தவில்லை. காயில் முழுக்க மெல்லிய வெண்படலம், மாவு தூவின மாதிரி இருந்தால் அது ஆரோக்கியம். காயிலை விட்டுவிட்டு ஃபேனைப் பாருங்கள். பலகையை மாட்டி, பிளக்கை மறுபடி செருகி, கதவுச் சுவிட்சை விரலால் அமுக்கினால் பல மாடல்களில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபேன் மோட்டார். 'கர்ர்ர்' என்று உரசினால் இறக்கையில் ஐஸ்.

பலகையைக் கழற்றத் துணிவில்லையா? இன்னொரு வழி, உருக்கிப் பார்ப்பது. பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து, 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். கீழே துணி விரிக்க மறக்காதீர்கள். பிறகு போட்டுப் பார்த்து நாட்களை எண்ணுங்கள். கொஞ்சமும் முன்னேற்றமே இல்லையென்றால் கேஸ் பக்கம். நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி படுத்தால் டிஃப்ராஸ்ட். நன்றாகக் குளிர்ந்து சில மணி நேரத்திலேயே படுத்தால் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். குழாய்க்குள் புகுந்த ஈரம், ஊசித்துளை போன்ற கேபிலரி குழாயின் வாயில் உறைந்து அடைப்பது. மெக்கானிக்குகள் சோக்கு என்பார்கள். சூடு பட்டதும் விலகும், குளிர்ந்ததும் மறுபடி அடைக்கும்.

உருக்கும் சோதனைக்குக் கருவி வேண்டாம், ஆபத்தும் இல்லை. ஆனால் மெதுவான சோதனை, பொய்யும் சொல்லும். கதவு கேஸ்கட் (விளிம்பு ரப்பர்) தளர்ந்து ஈரக்காற்று புகுந்துகொண்டே இருந்தாலும் இதே மாதிரி சில நாள் ஓடி நிற்கும். என்னைக் கேட்டால், பலகையைக் கழற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. அரை மணி நேரத்தில் தெரிவதற்குப் பத்து நாள் காத்திருப்பானேன். ஒன்று மட்டும்: அவசரப்பட்டுக் கத்தியால் ஐஸைக் குத்தாதீர்கள். மெல்லிய அலுமினியக் குழாய் ஒரு குத்துக்குத் தாங்காது. டிஃப்ராஸ்ட் கோளாறை நம் கையாலேயே கேஸ் கசிவாக மாற்றிவிடுவோம்.

டிஃப்ராஸ்ட்தான் என்று தெரிந்தபின் மல்டிமீட்டர் கைகொடுக்கும். ஹீட்டரின் இரு முனையிலும் வைத்தால் சில நூறு ஓம் காட்டும். 230 வோல்ட்டில் ஓடும் 150 வாட் ஹீட்டருக்கு ஏறக்குறைய 350 ஓம். எதுவுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்திருக்கிறது. ஹீட்டருக்கான இணைப்பைச் சூட்டுக்கேற்பத் துண்டிக்கும் சுவிட்சான பைமெட்டல் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. குளிரில் இணைந்து சூட்டில் பிரிவதுதான் அதன் வேலை. அறைச் சூட்டில் மீட்டர் வைத்துப் பார்த்து, 'இணைப்பே இல்லை, போச்சு' என்று நல்ல பைமெட்டலைத் தூக்கி எறிந்தவர்கள் நிறைய. நன்றாக உறைய வைத்து, அந்தக் குளிரோடு சோதிக்க வேண்டும்.

கேஸ்தான் என்று முடிவானால் நம் கை வேலை அங்கே முடிந்தது. இன்றைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். தீப்பற்றும் வாயு. கருவியும் பழக்கமும் உள்ளவர்தான் தொட வேண்டும். அவரிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: ஓட்டை எங்கே இருந்தது? கேஸை எடை போட்டுத்தானே ஏற்றினீர்கள்? எத்தனை கிராம் என்று ஃப்ரிட்ஜின் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

எங்கள் வீட்டில் பலகையைக் கழற்றியபோது காயில் தெரியவே இல்லை, வெள்ளைச் சுவர்தான். உருக்கிய பிறகு ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் நடுவே கருப்பாக ஒரு திட்டு, உள்ளே கம்பி இரண்டாகக் கிடந்தது. புதிது மாட்டினோம். குளிர் வந்தது, வாரங்கள் கடந்தும் நின்றது. ஆனால் கம்ப்ரசருக்குத் திரும்பும் செப்புக் குழாயில் வெளியே வரை பனி பூத்து, தரையில் சொட்ட ஆரம்பித்தது. நிறைந்திருந்த குழாயில் மேலும் கேஸ் ஏற்றினால் அப்படித்தான் ஆகும். அதை இறக்கி, சரியான எடையில் மறுபடி ஏற்ற வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவரிடம் 'கேஸ் பிரச்சினைங்க' என்றேன், இந்த முறை உண்மையாகவே.