ஷீட் எங்களுடையது, உள்ளே ஓடிய கணக்கு அவருடையது

யாராவது உங்களுக்கு "எல்லாம் ஆட்டோமேட்டிக்கா ஓடும்" என்று ஷீட் போட்டுத் தருகிறார்களா? கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் கொடுத்த பிறகுதான் படித்தோம், அதுவும் பட்டுப் படித்தோம்.

எங்களுக்கு நாலு கிடங்கு. வரவு, செலவை அங்கே உள்ளவர்கள் ஆளுக்கொரு கூகுள் ஷீட்டில் போடுவார்கள். நாலையும் சேர்த்துப் பொருள்வாரியாக மொத்த இருப்பு ஒரே இடத்தில் தெரிய வேண்டும், கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு அதே எண்கள் எக்செலில் வேண்டும். இதற்காக வெளியாள் ஒருவரை அமர்த்தினோம். பத்தே நாளில் முடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு கிடங்கிலிருந்து போன். "ஏற்கெனவே வைக்க இடமில்லாம நிக்குறோம், அதே சரக்கை மறுபடி ஏன் சார் அனுப்புறீங்க?" ஷீட்டில் பார்த்தால் இருப்பு குறைவு என்று காட்டுகிறது, அதை நம்பித்தான் ஆர்டர் போட்டிருந்தோம். எரர் எதுவும் இல்லை, சிவப்பு நிறமும் இல்லை.

ஒரு செல்லைத் தட்டி ஃபார்முலாவைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கிடங்கு ஷீட்டிலிருந்து மொத்த ஷீட்டுக்கு நேரடி லிங்க் கிடையாது. நடுவில் கிடங்குக்கு ஒன்றாக நாலு ஃபைல். ஆரம்ப இருப்பும் கழித்தல் கூட்டலும் அங்கேதான். அந்த நாலுமே ஷீட் போட்டுத் தந்தவருடைய சொந்த கூகுள் கணக்கில் இருந்தன. எங்கள் பெயருக்கு மாற்றித் தந்தது மேலே இருந்த மொத்த ஷீட்டை மட்டும். அது இம்போர்ட்ரேஞ்ச் (IMPORTRANGE, வேறொரு ஷீட்டிலிருந்து எண்களை இழுக்கும் ஃபார்முலா) மூலம் அந்த நாலிலிருந்தும் எண்களை இழுத்துக்கொண்டிருந்தது.

அதைவிடக் கோபம் வந்தது வேறொன்றில். ஒவ்வொரு இம்போர்ட்ரேஞ்சையும் இஃப்எரர் (IFERROR, எரர் வந்தால் அதற்குப் பதில் நாம் சொன்னதைக் காட்டும் ஃபார்முலா) என்பதற்குள் போட்டு, லிங்க் கிடைக்காவிட்டால் பூஜ்யம் என்று எழுதியிருந்தார். ஒரு கிடங்கின் ஃபைல் போனதும் அந்தப் பங்கு பூஜ்யமாகி, மீதி மூன்றின் கூட்டல் "மொத்த இருப்பு" என்று வந்து நின்றது. இஃப்எரரை எடுத்தேன், உடனே வரிசையாக ரெஃப் எரர் (#REF!, இழுக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்). முதல் நாளே அது தெரிந்திருந்தால் அந்த ஆர்டரே போயிருக்காது.

போன் செய்தால், "டிரைவ்ல இடம் நிறைஞ்சிடுச்சு சார், பழசையெல்லாம் க்ளீன் பண்ணேன்" என்றார். கூகுளில் இலவச இடம் 15 ஜிபி, நிறைந்திருக்கலாம். அதற்கு எங்கள் ஃபைல்தானா கிடைத்தது? குப்பைத்தொட்டிக்குப் போன ஃபைல் 30 நாளில் நிரந்தரமாக அழிந்துவிடும். நாங்கள் கேட்டபோது அந்தக் கெடு தாண்டியிருந்தது.

எக்செல் கதை தனி. அக்கா ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் மேலே மஞ்சள் பட்டை ஒன்று வரும், லிங்குகள் புதுப்பிக்கப்படவில்லை என்று. "அது சும்மா வரும், மூடிடுங்கக்கா" என்று அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். லிங்குகளின் பட்டியலைத் திறந்து பார்த்தால், எல்லாம் அவருடைய லேப்டாப்பின் சி டிரைவைக் காட்டுகின்றன. எங்கள் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டர் எப்படி இருக்கும்? மூல ஃபைல் கிடைக்காதபோது எக்செல் கடைசியாகச் சேமித்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அக்கா அத்தனை நாளும் பார்த்தது ஒப்படைத்த அன்றைய இருப்பு.

ஆனால் கடைசியில் கைகொடுத்ததும் அந்தப் பழைய எண்கள்தான். அழிந்த ஃபைலில் இருந்த ஆரம்ப இருப்பு வேறெங்கும் இல்லை, எக்செலில் மட்டும் அப்படியே தங்கியிருந்தது. லிங்கைப் புதுப்பிக்காமல் திறந்து, முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலில் லிங்கைத் துண்டித்தோம். துண்டித்தால் ஃபார்முலா போய் எண் மட்டும் நிற்கும், திரும்ப வராது. அதனால் நகல் எடுக்காமல் கைவைக்காதீர்கள்.

மிச்சம் இருந்த மூன்று ஃபைலையும் எங்கள் பெயருக்கு மாற்றித் தரத் தனியாகப் பணம் கேட்டார். கொடுத்தோம், வேறு வழி? உரிமை வந்த கையோடு, எரிச்சலில் மூன்றிலிருந்தும் அவரை நீக்கினேன். அடுத்த நிமிடம் மூன்றும் ரெஃப் எரர்! இம்போர்ட்ரேஞ்சுக்கு முதல்முறை "அனுமதி கொடு" என்று அழுத்தியவர் அவர். அழுத்திய ஆளை மூல ஃபைலிலிருந்து எடுத்தால் அந்த அனுமதியும் போய்விடும். என் கணக்கிலிருந்து மறுபடி அழுத்தியதும் சரியானது. அந்த அரைமணி நேரம் அவரே மறுபடி ஏதோ செய்துவிட்டார் என்று திட்டிக்கொண்டிருந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்படி ஒருவரிடம் வேலை வாங்கியிருந்தால் இன்றே ஷீட்டில் தேடல் பெட்டியைத் திறந்து, ஃபார்முலாக்களுக்குள்ளும் தேடு என்பதை டிக் செய்து, இம்போர்ட்ரேஞ்ச் என்ற ஃபார்முலாப் பெயரை அடித்துப் பாருங்கள். வரும் ஒவ்வொரு லிங்கையும் திறந்து உரிமையாளர் யாரென்று பாருங்கள். இஃப்எரர் சுற்றியிருந்தால் பூஜ்யத்துக்குப் பதில் "லிங்க் இல்லை" என்று எழுத வையுங்கள். ஃபைலின் பெயரையோ ஃபோல்டரையோ மாற்றினால் கூகுளில் லிங்க் அறாது, ஐடி (லிங்க்கில் ஃபைலை அடையாளம் காட்டும் நீண்ட எழுத்துத் தொடர்) அதேதான். ஆனால் நகல் எடுத்தால் ஐடி புதிது, பழைய லிங்க் பழைய ஃபைலையே பார்த்துக்கொண்டிருக்கும். "காப்பி போட்டுத் தர்றேன் சார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். மூல ஃபைலில் டேப் (ஷீட்டின் அடியில் தெரியும் தாள்) பெயரை மாற்றினாலும் போச்சு, ஃபார்முலாவுக்குள் அது வெறும் எழுத்தாகத்தான் கிடக்கிறது. இழுக்க வேண்டிய செல்களின் பகுதிக்கு ஒரு பெயர் சூட்டி அந்தப் பெயரால் இழுப்பது நல்லது. நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

நாலாவது கிடங்குக்கு ஃபைல் புதிதாக நானே போட்டேன். அனுப்பிய கூடுதல் சரக்கில் பாதி இன்னும் அங்கேயே கிடக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அவரிடமிருந்து வந்த ஒரே பதில்: "நான் குடுத்தப்ப ஓடுச்சுல்ல சார்?"