டெஸ்க்டொப் தீம் போட்டுத் தாறம் எண்டு 18,500 ரூபா: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் உள்ளவை கவனம்

கொழும்பில கொம்பியூட்டருக்குத் தீம் (திரையில ஜன்னல், ஐகன் எல்லாத்தின்ரயும் தோற்றத்தை மாத்திறது) போட்டு "கஸ்டம் லுக்" செய்து தாறம் எண்டு விளம்பரம் போடுற கடையள் இப்ப கனக்க. அதில ஒண்டு எங்கட ஸ்டூடியோவிட்ட 18,500 ரூபா வாங்கி, வேலை செய்துகொண்டிருந்த மெஷினைக் குழப்பிப்போட்டு, இப்ப போனும் எடுக்கிறதில்லை. கடையின்ர பேரை இங்க போடேல்லை. காலி வீதிக்குக் கிட்ட, மாடியில, லாப்டொப் திருத்திற சின்னக் கடை. விளம்பரம் முழுக்க முகநூலில. தீம் வேலைக்கு மெஷினைக் குடுக்கேக்கயும் திருப்பி எடுக்கேக்கயும் என்னென்ன பார்க்கவேணும் எண்டதை அடியில எழுதுறன். முதல் நடந்ததைக் கேளுங்கோ.

பகட்டுக்காகக் கேட்ட வேலை இல்லை இது. கலியாணப் படங்களுக்கு நிறம் திருத்திற மெஷின் அது. படத்தைச் சுத்தி வெள்ளையோ கடும் நீலமோ இருந்தா கண் ஏமாறும். வெள்ளைக்கு நடுவில முகம் இருண்ட மாதிரித் தெரியும், தேவைக்கு மேல வெளிச்சத்தைக் கூட்டிப்போடுவம், அல்பம் அச்சாகி வரேக்க பொம்பிளையின்ர முகம் வெளிறிக் கிடக்கும். படம் பார்க்கிற சூழலுக்கான ஐ.எஸ்.ஓ. 3664 தரமும் சுத்துப்புறம் நடுநிலைச் சாம்பலா இருக்கவேணும் எண்டுதான் சொல்லுது. ஃபோட்டோஷொப்புக்குள்ள சாம்பலைத் தெரிவுசெய்யலாம். வின்டோஸ் 11 இன்ர டார்க் மோட் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் வரைக்கும் வரும். ஆனா கன்ட்ரோல் பனல், டிவைஸ் மனேஜர் மாதிரிப் பழைய ஜன்னலுகள் பளீரெண்டு வெள்ளையாத்தான் திறக்கும். அதுகளையும் சாம்பலாக்க வேணுமெண்டா எம்எஸ்ஸ்டைல்ஸ் எண்ட தீம் ஃபைல் போடவேணும்.

இங்கதான் சிக்கல். மைக்ரோசொஃப்டின்ர டிஜிட்டல் கையொப்பம் இல்லாத தீமை வின்டோஸ் ஏத்தாது. அந்தச் சோதனையைக் கடக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, டிஸ்கில கிடக்கிற சிஸ்டம் ஃபைல்களையே மாத்திறது: யூஎக்ஸ்தீம், தீம்யூஐ, யூஎக்ஸ்இனிட் எண்ட டி.எல்.எல்.கள். மற்றது, அந்த ஃபைல்களைத் தொடாமல், ஓடுற நேரத்தில மெமரியில மட்டும் சோதனையை விலக்கிறது. செக்யூர்யூஎக்ஸ்தீம் எண்ட இலவச டூல் ரெண்டாவது வகை. நாங்கள் கேட்டது ரெண்டாவது வழி. வட்சப்பில எழுத்தில கேட்டு, எழுத்திலயே "ஓம் அக்கா, சிஸ்டம் ஃபைல் ஒண்டும் தொடமாட்டம்" எண்டு பதில் வந்தது.

கடையில வச்சு அந்தத் தம்பி தன்ர மெஷினைத் திறந்து காட்டினார். டிவைஸ் மனேஜர் சாம்பலில, எழுத்துத் தெளிவா, ஓரம் ஒண்டும் பிசகாமல் திறந்தது. பிறகு சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் ஜன்னலைத் திறந்து, தீம் போட முதல் எடுத்த ரிஸ்டோர் பொயின்ட் (பிழைச்சா வின்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பச் சேமிச்சு வைக்கிறது) திகதியோட இருக்கிறதைக் காட்டினார். "பயப்பிடாதேங்கோ அக்கா, உங்கட மெஷினிலயும் இதை எடுத்து வச்சிட்டுத்தான் கை வைப்பம். பிடிக்காட்டி ரெண்டு நிமிஷத்தில பழையபடி." வேலை தெரிஞ்ச ஆள் பேசுற பேச்சு அது. ரிஸ்டோர் பொயின்டைப் பற்றிக் கேளாமலே தானாச் சொல்லுற ஆளை ஆர் சந்தேகப்படுவினம்? 18,500 ரூபாவும் முற்பணமாக் கணக்குக்குப் போச்சுது. பில்லில 7,500 "தீம், விட்ஜெட் லைசன்ஸ்". மிச்சம் 11,000 கூலி. 30 நாள் உத்தரவாதம் எண்டு சீலும் குத்தித் தந்தவை.

மெஷின் திரும்பி வரேக்க வடிவாத்தான் இருந்தது. உத்தரவாதம் முடிஞ்ச கையோட ஒரு காலமை டாஸ்க்பார் மினுங்கத் துவங்கிச்சுது. டாஸ்க்பாரையும் டெஸ்க்டொப்பையும் காட்டுற எக்ஸ்ப்ளோரர் எழும்பும், விழும், எழும்பும், விழும். ஐகன் ஒண்டையும் கிளிக் பண்ண ஏலாது. நிறம் திருத்தி முடிக்காத அல்பங்கள் உள்ள இருக்கு.

உள்ள போய்ப் பார்த்தாத்தான் செய்த வேலை விளங்குது. டிஸ்கில உள்ள டி.எல்.எல்.களைத்தான் மாத்தியிருக்கினம். ஐகன் மாத்திறதுக்கு சிஸ்டம்ரிசோர்சஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற இமேஜ்ரெஸ் ஃபைலின்ர உரிமையை வின்டோஸிட்ட இருந்து பிடுங்கி, அதுக்கு மேலால வேற ஃபைலைப் போட்டிருக்கினம். ரிஸ்டோர் பொயின்ட் ஒண்டுமே இல்லை. சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனே நிப்பாட்டிக் கிடக்கு. வின்டோஸ் டிஃபென்டரில சி ட்ரைவ் முழுக்க விதிவிலக்கில போட்டிருக்கு. அதாவது அந்த ட்ரைவுக்குள்ள எந்த வைரஸ் வந்தாலும் தேடிப் பார்க்காதே எண்டு சொல்லி வச்சிருக்கினம். வாடிக்கையாளரின்ர படங்களும் பாங்க் வேலையும் உள்ள மெஷினில!

எனக்கு ரத்தம் கொதிச்சது இதுக்குத்தான்: வின்டோஸ் அப்டேட்டை உச்ச அளவுக்கு, 35 நாளுக்கு, "போஸ்" (pause) பண்ணி, அதாவது தற்காலிகமா நிப்பாட்டி வச்சிருக்கினம். உத்தரவாதம் 30 நாள். மாத்தின டி.எல்.எல்.களுக்கு மேலால ஒவ்வொரு மாசமும் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை வாற அப்டேட் புது ஃபைலை எழுதிப்போடக்கூடும் எண்டு இந்தத் தொழில் செய்யிற எல்லாருக்கும் தெரியும். புது ஃபைல் வந்தா கையொப்பச் சோதனையும் திரும்ப வரும், தீம் நிராகரிக்கப்படும். டாஸ்க்பாரை மாத்த இவையள் போட்ட சின்ன ப்ரோகிராம் வின்டோஸின்ர பழைய பில்டுக்கு (பதிப்புக்கு) எண்டே செய்தது. புது பில்டில கொளுவி எக்ஸ்ப்ளோரரையும் சேர்த்து விழுத்துது. இது தற்செயலா உடைஞ்சது இல்லை. உடையிற நாளைத் தள்ளிப் போட்டுத்தான் தந்திருக்கினம்.

அந்த 7,500 லைசன்ஸையும் பாருங்கோ. திரையில மணிக்கூடும் கலண்டரும் காட்டுற அந்த விட்ஜெட் ரெயின்மீட்டர். அது ஜி.பி.எல். உரிமத்தில வாற இலவச, திறந்த மூல சொஃப்ட்வெயார். தீம் ஃபோல்டருக்குள்ள அந்தத் தீமைச் செய்த ஆள் வச்ச ரீட்மீ ஃபைலை அழிக்கக்கூட இவைக்கு நேரமில்லை: தனிப்பட்ட பாவனைக்கு இலவசம், விக்கக்கூடாது எண்டு முதல் வரியிலேயே இருக்கு. ஆரோ ஒருத்தர் ராராவா இருந்து பொத்தான் பொத்தானா வரைஞ்சு சும்மா குடுத்ததை வித்து 7,500 எடுத்திருக்கினம்.

பிறகு துவங்கினது தட்டிக் கழிப்பு. முதல் பதில், "அது மைக்ரோசொஃப்ட் அப்டேட்டின்ர பிழை அக்கா, நாங்கள் என்ன செய்யிறது?" அப்டேட்டை ஏன் 35 நாளுக்கு நிப்பாட்டினீங்கள் எண்டு கேட்டா, "டெக்னீஷியன் லீவு, வந்தாப் பிறகு கதைக்கிறம்." பிறகு, "வாரன்டி முடிஞ்சுது. கொண்டுவாங்கோ, புதுசா வின்டோஸ் அடிச்சுத் தாறம், 6,000 வரும்." தாங்கள் உடைச்சதைத் திருத்த இன்னும் 6,000! மாத்தின ஃபைல்களின்ர ஸ்க்ரீன்ஷொட் அனுப்பினாப் பிறகு மெசேஜுக்கு ஒற்றைச் சரிதான் விழுகுது. அடிச்சா உடனயே கட் ஆகுது. முகநூல் பக்கத்தில எழுதின கொமென்டும் அழிஞ்சு போச்சுது. 18,500 ரூபா குடுத்த வாடிக்கையாளருக்குக் கிடைச்சது இதுதான்.

இதே நிலையில ஆரும் இருந்தா, உடன வின்டோஸ் அடிக்கக் குடுக்காதேங்கோ. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூண்டையும் சேர்த்து அமத்தினா டாஸ்க் மனேஜர் வரும். அதில "ரன் நியூ டாஸ்க்" எடுத்து, சி ட்ரைவில வின்டோஸ், ரிசோர்சஸ், தீம்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஏரோ தீம் ஃபைலை (C:\Windows\Resources\Themes\aero.theme) ஓடவிட்டா வின்டோஸின்ர சொந்தத் தோற்றம் வரும். எக்ஸ்ப்ளோரர் அப்பவும் விழுந்தா, லொகின் திரையில ஷிஃப்டை அமத்திக்கொண்டு ரீஸ்டார்ட் குடுத்து சேஃப் மோடுக்குப் போய், டாஸ்க்பார் மாத்திற ப்ரோகிராமையும் தீம் பாட்சரையும் (கையொப்பச் சோதனையைக் கடக்கப் போட்ட டூல்) கழட்டுங்கோ. பிறகு சாதாரணமா எழுப்பி, அட்மின் கொமாண்ட் ப்ரொம்ப்டில முதல் டிஸம் ரிஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth), அது முடிய சிஸ்டம் ஃபைல்களைச் சோதிச்சுத் திருத்திற எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ் (sfc /scannow). இந்த ஒழுங்கை மாத்தாதேங்கோ, எஸ்.எஃப்.சி. நல்ல ஃபைலை எடுக்கிற களஞ்சியத்தைத் திருத்திறதுதான் டிஸம். டிஃபென்டரின்ர விதிவிலக்கு எல்லாத்தையும் அழிச்சு முழு ஸ்கேன் ஒண்டு ஓடவிடுங்கோ. எங்கட மெஷின் இப்பிடித்தான் திரும்பி எழும்பிச்சுது, ஒரு படமும் போகேல்லை. 18,500 தான் போச்சுது.

தீம் எண்டா வெறும் நிறமும் படமும்தானே எண்டு சொல்லுற ஆக்களுக்கு ஒண்டு. லினக்ஸிலயும் இந்த ஆபத்து இருக்கு. 2024 மார்ச்சில கே.டி.இ. எண்ட லினக்ஸ் டெஸ்க்டொப்புக்கு ஒருத்தர் இறக்கின குளோபல் தீம் ஒண்டு அவற்ற ஃபைல்களையே அழிச்சுப்போட்டுது. தீமுக்குள்ள ஓடக்கூடிய ஸ்க்ரிப்ட் இருக்கலாம் எண்டு அதுக்குப் பிறகு கே.டி.இ. ஆக்களே வெளிப்படையா எச்சரிச்சவை.

முக்கியமானது மட்டும்: மெஷினைத் திருப்பி எடுக்கேக்க கடையிலேயே நிண்டு ரிஸ்டோர் பொயின்டைத் திறந்து பாருங்கோ, அவையளின்ர மெஷினில இல்லை, உங்கட மெஷினில. வின்டோஸ் அப்டேட் பக்கத்தில "போஸ்" இருக்கோ, டிஃபென்டர் விதிவிலக்கில என்ன இருக்கு எண்டும் பாருங்கோ. லைசன்ஸ் காசு கேட்டா எந்த சொஃப்ட்வெயாருக்கு எண்டு பேரோட எழுதி வாங்குங்கோ. பில் இருந்தா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பரில அடிச்சு முறைப்பாடு குடுக்கலாம், நாங்கள் குடுக்கிறம். காசை முழுக்க முற்பணமாக் கேக்கிற கடையை விடுங்கோ. பாதியை வேலை முடியக் குடுங்கோ, மற்றப் பாதியை அடுத்த மாச அப்டேட் ஏறி மெஷின் ஒழுங்கா எழும்பினாப் பிறகு குடுங்கோ.